சி.டி. ஸ்கேனா, சிஸ்டர்மார் சம்பளமா? 34 படுக்கை ஆஸ்பத்திரியின் கணக்கு

#1 வேளிமலை

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். 30 படுக்கை வார்டு, இரண்டு வென்டிலேட்டரோடு 4 படுக்கை ஐ.சி.யூ., ஒரு தியேட்டர், 24 மணி நேர கேஷுவால்டி (அவசரப் பிரிவு). முக்கால் பங்கு படுக்கை எப்போதும் நிறைந்திருக்கும். சிஸ்டர்மார் 22 பேர், சராசரி சம்பளம் 14,000. இப்போது கையில் 30 லட்சம் சேர்ந்திருக்கிறது.

அதை முன்பணமாகக் கட்டி, 90 லட்சம் கடன் வாங்கி, 1.20 கோடிக்கு 16 ஸ்லைஸ் சி.டி. போடலாம் என்கிறது நிர்வாகக் குழுவில் ஒரு பாதி. முதலில் சம்பளத்தை 20,000 ஆக்குங்கள் என்கிறது மறுபாதி. "சம்பளம் ஏத்தினா ஏத்தினதுதான், மெஷின்னா சம்பாதிச்சுத் தரும்" என்பது முதல் அணியின் வாதம். சேவை, தியாகம் என்று எழுத வேண்டாம், அதெல்லாம் ஆண்டுவிழா மேடையில் கேட்டாயிற்று. கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

சம்பளத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். ஆஸ்பத்திரிக்கு ஆகும் முழுச் செலவைப் பார்க்க வேண்டும். போனஸ் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

14,000 சம்பளத்துக்கு: பி.எஃப். நிர்வாகப் பங்கு, காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், 1,820. ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) மாதாமாதம் ஒதுக்க வேண்டியது 4.81 சதவீதம் (வருடத்துக்கு 15 நாள், 26-ஆல் வகுத்த கணக்கு), 673. ஆக 16,948.

20,000 சம்பளத்துக்கு: பி.எஃப். 15,000 வரம்போடு நின்றுவிடும், 1,950. ஈ.எஸ்.ஐ. 650. கிராஜுவிட்டி 962. ஆக 23,562.

வித்தியாசம் ஆளுக்கு 6,614. 22 பேருக்கு மாதம் 1,45,508. இனி படுக்கைக் கணக்கு: 34 படுக்கையில் முக்கால் பங்கு, 30 நாள், 765 படுக்கை நாள். வகுத்துப் பாருங்கள், ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 190 ரூபாய். பில்லில் "நர்சிங் சார்ஜ்" என்று ஏற்கெனவே தினம் ஒரு தொகை வாங்குகிறீர்கள் அல்லவா? அந்தத் தலைப்பில் வருஷம் எவ்வளவு வந்தது, நர்சிங் சம்பளமாக எவ்வளவு போனது என்ற இரண்டு எண்ணையும் குழுவில் பக்கம் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

அடுத்தது கடன். 90 லட்சம், 11 சதவீதம், 7 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 1.54 லட்சம். அதாவது மெஷினின் தவணை மட்டுமே இந்தச் சம்பள உயர்வைவிடக் கொஞ்சம் அதிகம். தவணையையும் திரும்ப இறக்க முடியாது.

#3 குழித்துறையான்

இதுல யோசிக்க என்ன இருக்கு? சுப்ரீம் கோர்ட்டே 20,000 கொடுக்கணும்னு சொல்லியாச்சே. லேபர் ஆபீஸ்ல ஒரு மனு போட்டா முடிஞ்சுது. நமக்கு ஒரு மணி நேரத் தொலைவுல, கேரளத்து நெய்யாற்றின்கரையில, 2018-லேயே 20,000 ஆக்கிட்டாங்க.

#4 பழைய_வக்கீல்

நண்பரே, பாதி சரி, பாதி ஆபத்து. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29-ல் தந்த தீர்ப்பு ஒரு நிபுணர் குழுவை அமைக்கச் சொன்னது. அந்தக் குழு தந்த பரிந்துரை: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு செவிலியருக்குச் சமமான சம்பளம், 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்குக் கீழே என்றால் 20,000-க்குக் குறையக் கூடாது. வேளிமலை சொல்லும் ஆஸ்பத்திரி கடைசி வகை. ஆனால் இது மாநிலங்களுக்கான வழிகாட்டுதல். கேரளம் 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பாகவே போட்டதால் அங்கே அது சட்டம். எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அந்த அறிவிப்பு செல்லாது.

இங்கே லேபர் ஆபீசில் நிற்கக் கூடியது வேறு. ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் வேலைக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியமும் அதோடு வரும் பஞ்சப்படியும். வாரம் 48 மணி நேரம். அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-க்குள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபின் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது ஊதியமாகவே எண்ணப்படும். வேலையை விட்டுப் போகிறவருக்குப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். "சர்டிபிகேட்டை வச்சுட்டுப் போ, மூணு மாசம் கழிச்சு வா" என்ற பழைய வித்தை இனி எடுபடாது. ஒரிஜினல் சான்றிதழை நிர்வாகம் பிடித்து வைக்க எந்தக் காலத்திலும் சட்டம் இடம் தந்ததில்லை, அது வேறு.

#5 பயோமெட்

சி.டி. போட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் "சம்பாதிச்சுத் தரும்" என்பதை எண்ணாக மாற்றுங்கள்.

தவணை 1.54 லட்சம். வாரண்டி முடிந்ததும் சி.எம்.சி. (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) வரும். மெஷின் விலையில் 6 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 60,000, அதன்மேல் ஜி.எஸ்.டி. தனி. டெக்னீஷியன் மூன்று பேர், 54,000. மின்சாரம், ஏ.சி., 40,000. மாதம் 3.08 லட்சம் படுத்தே கிடந்தாலும் செலவு. ஸ்கேனுக்கு 2,500 வாங்கி, ரிப்போர்ட் எழுதும் டாக்டருக்கும் ஃபிலிமுக்கும் போக 2,000 நிற்கிறது என்றால், மாதம் 154 ஸ்கேன். ஞாயிறும் சேர்த்துத் தினம் ஐந்து. 34 படுக்கையில், அதுவும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் கிடைக்கும் ஊரில், தினம் ஐந்து எங்கிருந்து வரும்? வராத மாதத்தில் டாக்டர் மேல் அழுத்தம் வரும். தலைவலிக்கும் ஸ்கேன் எழுதுவது அப்படித்தான் தொடங்குகிறது.

ஒப்பந்தத்தில் மறைந்திருக்கும் பள்ளம், எக்ஸ்ரே கதிரை உண்டாக்கும் ட்யூப். பல சி.எம்.சி.யில் ட்யூப் சேராது, அல்லது இத்தனை ஸ்கேன் செகண்ட் வரை மட்டும் சேரும். அது போனால் பத்து லட்சத்துக்கு மேல் ஒரே அடி. பழைய மெஷினைப் புதுக்கி விற்பவர்களிடம் வாங்குவதானால் ட்யூப் எவ்வளவு ஓடியிருக்கிறது என்ற பதிவை மெஷின் திரையிலிருந்தே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், தாளில் எழுதித் தருவதை நம்பாதீர்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஆனி ஆடிச் சாரலும் நமக்குத்தான், ஐப்பசி மழையும் நமக்குத்தான். வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். ஸ்கேன் அறை 18 முதல் 24 டிகிரிக்குள், ஈரம் கட்டுக்குள், இரவும் பகலும் இருக்க வேண்டும். ராத்திரி ஏ.சி.யை நிறுத்திக் காலையில் போட்டால் உள்ளே போர்டில் நீர் கோக்கும். அதனால் ஏ.சி. இரண்டு, மாறி மாறி ஓட வேண்டும். குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடற்கரை ஊரில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் அலுமினியத் தகட்டை அரித்துவிடும். யு.பி.எஸ். பேட்டரி மூன்று நாலு வருஷத்தில் மாற்றியாக வேண்டும். ஐப்பசி இடிக்குத் தனி எர்த் குழி வேண்டும். ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) உரிமம், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், ஊழியர் மேல் படும் கதிர்வீச்சை அளக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.எல்.டி. பேட்ஜ் இதெல்லாம் விற்க வருபவர் கடைசியில்தான் சொல்வார்.

#6 நைட்_டூட்டி

பயோமெட் சார் மெஷினைச் சொல்லிட்டார், நான் ஆளைச் சொல்றேன். 22 பேர்னா கேக்கறவங்களுக்கு நிறைய மாதிரித் தெரியும். ஒரு இடத்துல 24 மணி நேரமும் ஒரு ஆள் நிக்கணும்னா எத்தனை பேர் வேணும்? வருஷத்துக்கு 8,760 மணி நேரம். வார ஓய்வு 52, விடுமுறை 9, கேஷுவல் 12, சிக் லீவும் மத்ததும் 12 கழிச்சா ஒருத்தர் 280 நாள், 2,240 மணி நேரம். வகுத்தா 3.9. அதாவது ஒரு இடத்துக்கு நாலு பேர்.

இந்த ஆஸ்பத்திரிக்கு வார்டுல ஆறு நோயாளிக்கு ஒருத்தர்னா, நிறைஞ்ச 23 படுக்கைக்கு நாலு இடம். ஐ.சி.யூ.ல வென்டிலேட்டருக்கு ஆளுக்கொருத்தர், மத்த ரெண்டுக்கும் சேத்து ஒருத்தர், மூணு இடம். கேஷுவால்டி ஒண்ணு. எட்டு இடம், 32 பேர். தியேட்டருக்கு மூணு. மொத்தம் 35. இருக்கிறது 22, அதாவது அஞ்சு இடத்துக்குக் கொஞ்சம் மேல. அப்போ ராத்திரி வார்டுல ரெண்டு பேர், யாராவது லீவுன்னா ஒருத்தர்.

அந்த ஒருத்தர் என்ன செய்வார்னு பாருங்க. ஆறு மணி ஆன்டிபயாட்டிக். பவுடரைக் கரைக்கணும், பேரையும் மருந்தையும் கேஸ் ஷீட்டோட ஒத்துப் பாக்கணும், ஊசி வழி சரியா இருக்கான்னு சலைன் விட்டுப் பாக்கணும், மெதுவா ஏத்தணும், எழுதணும். ஒழுங்காச் செஞ்சா ஆளுக்கு ஏழு நிமிஷம். 20 பேருக்கு 140 நிமிஷம். ஆறு மணி மருந்து எட்டு இருபதுக்கு முடியும், இல்லேன்னா மூணு நாப்பதுக்கே ஆரம்பிக்கணும். ஷீட்டுல எல்லாருக்கும் "6.00"ன்னுதான் இருக்கும்.

இன்சுலின் இன்னும் மோசம். நம்ம ஊர்ல குப்பி 40 யூனிட்டும் இருக்கு, 100 யூனிட்டும் இருக்கு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் குப்பியிலேர்ந்து சிவப்பு மூடியில 10 கோடு இழுத்தா உள்ள போறது 25 யூனிட். விடியக்காலம் வேர்த்துக் கொட்டிக் கிடப்பாங்க. அதுக்காகத்தான் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் இதெல்லாம் ரெண்டாவது ஆள் பாத்துக் கையெழுத்துப் போடணும்னு விதி. ரெண்டாவது ஆளே இல்லாத ராத்திரியில விதி சுவத்துல ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். படுத்த படுக்கையா இருக்கிறவங்களை ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுறதும் அப்படித்தான், ஒத்தை ஆளால முடியாது. புண் வந்தபிறகு கட்டுக் கட்டுற செலவு எந்தக் கணக்குலயும் "நர்ஸ் பற்றாக்குறை"ன்னு எழுதப்படாது.

#7 சின்ன_ஆஸ்பத்திரி

எல்லாரும் ஒரே பக்கம் பேசுறீங்க, நிர்வாகத்துப் பக்கமும் ஒண்ணு ரெண்டு கேளுங்க.

கணக்குப்பிள்ளை சொன்ன 190 ரூபாய் எல்லா நோயாளி தலையிலும் ஏறாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவருக்கு ஒரு சிகிச்சைக்கு ஒரு தொகை என்று முடிந்தது. அதில் நர்சிங் சார்ஜ் தனியாகப் போட வழியில்லை. நூற்றுக்கு நாற்பது படுக்கை நாள் காப்பீட்டில் போகிறது என்றால், மிச்சம் 459 நாள்தான் இந்த 1.45 லட்சத்தைச் சுமக்கணும். 317 ரூபாய் ஆகிறது.

இரண்டாவது, பணம் வரும் நாள். காப்பீட்டுத் தொகை வர மாதங்கள் ஆகும். சம்பளம் 7-ஆம் தேதி. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் படுக்கை காலியாகும், சம்பளம் குறையாது.

மூன்றாவது, 20,000 கொடுத்தாலும் போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நர்சிங் படிப்பதே குவைத்தும் ஜெர்மனியும் நினைத்துத்தானே? இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

நாலாவது, 35 பேர் கணக்கு. இன்னும் 13 பேர் என்றால் 23,562 வீதம் மாதம் 3.06 லட்சம். அதையும் சேர்த்தால் உங்கள் சம்பளத் திட்டம் சி.டி.யைவிட விலை கூடியது. அதை யாரும் சொல்லவில்லை.

#8 கணக்குப்பிள்ளை

நாலாவது சரியான அடி. மறுக்க முடியாது. அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்ல மாட்டேன். முதலில் இருப்பவர்களின் சம்பளம், பிறகு ராத்திரி இடம், பிறகு மிச்சம். சம்பளம் உயராமல் ஆள் எடுத்தால் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

317 என்பதும் சரி. ஆனால் ஆள் மாற்றத்தில் கொஞ்சம் மிச்சமாகும். 22 பேரில் வருஷத்துக்குப் பாதிப் பேர் மாறினால், புது ஆள் முதல் மாதம் இன்னொருவர் நிழலில்தான் நிற்பார். 11 பேருக்கு ஒரு மாதச் செலவு 1.86 லட்சம். மாதத்துக்கு 15,500. உயர்வில் பத்தில் ஒரு பங்கு. இதை வைத்து "சம்பள உயர்வு தன்னைத்தானே ஈடுகட்டும்" என்று குழுவில் சொல்லாதீர்கள், கட்டாது. கட்டணத்தில் கொஞ்சம் ஏற்றியாக வேண்டும்.

பணம் வரும் நாளுக்கு வழி, அந்த 30 லட்சம். உயர்த்திய கணக்கில் 22 பேருக்கு இரண்டு மாதச் செலவு 10.4 லட்சத்துக்குள். அதைத் தனி டெபாசிட்டில் வையுங்கள், சம்பளம் தவிர வேறெதற்கும் தொடக் கூடாது என்று தீர்மானம் எழுதி வையுங்கள். காப்பீட்டுப் பணம் வந்ததும் முதலில் அந்தக் குழியை நிரப்பணும்.

#9 நைட்_டூட்டி

வெளிநாடு விஷயம்: போறவங்க போவாங்க, உண்மைதான். வளைகுடா நாடுகளுக்கு 2015-லேர்ந்து அரசு நிறுவனம் வழியாத்தான் நர்ஸ்களை எடுக்கணும், நம்ம பக்கம் அது ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன். அனுபவம் கேப்பாங்க. அதனால அவங்க ரெண்டு வருஷம் எங்கயாவது இருந்துதான் ஆகணும். கேள்வி, அந்த ரெண்டு வருஷமும் ஒரே இடத்துலயா, ஆறு மாசத்துக்கொரு இடமா? ஆயிரம் ரூபாய் கூடக் கிடைச்சா நாகர்கோவிலுக்குத் தாவுறது வெளிநாடு போறதுல சேராது.

இன்னொரு கூட்டம் எங்கயும் போகாது. கல்யாணமாகி, பிள்ளை ஸ்கூல்ல இருக்கு, வீட்டுக்காரர் இங்க வேலை. வார்டு இவங்க கையிலதான் ஓடுது. எட்டு வருஷம் ஆனவங்களுக்கும் நேத்து வந்தவங்களுக்கும் 800 ரூபாய்தான் வித்தியாசம்னா அது என்ன நியாயம்? எல்லாரையும் 20,000-ன்னு ஒரே கோட்டுல நிறுத்தினா சீனியர் சிஸ்டர்மாருக்கு வயிறு எரியும். அனுபவத்துக்கு ஒரு படி வையுங்க.

#10 பழைய_வக்கீல்

படி வைக்கும்போது 21,000-ஐ மனதில் வையுங்கள். அது ஈ.எஸ்.ஐ. வரம்பு. 20,800 வாங்குபவருக்கு 21,300 கொடுத்தால், நடப்புப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்) முடிந்ததும் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போவார். பெண்களே பெரும்பான்மையான வேலை இது. 26 வாரப் பேறுகாலச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. தந்துகொண்டிருந்தது, இனி ஆஸ்பத்திரி தன் கையிலிருந்து தர வேண்டும். ஆகவே வரம்பைத் தாண்டுவதானால் தாராளமாகத் தாண்டுங்கள், 23,000, 24,000 என்று. கூடவே குழுக் காப்பீடு எடுங்கள், பேறுகாலத்துக்கு ஒதுக்குங்கள். 500 ரூபாய் தந்து காப்பீட்டைப் பறிப்பது உபகாரமல்ல.

கையில் வருவதையும் எழுதிக் காட்டுங்கள். 14,000-ல் பி.எஃப். 1,680, ஈ.எஸ்.ஐ. 105 போக 12,215. 20,000-ல் 1,800, 150 போக 18,050.

#11 குழித்துறையான்

சரி, சட்டம் புரிஞ்சுது. ஆனா தனியாரை மட்டும் திட்டி என்ன? அரசே 2015-ல எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா எடுத்த செவிலியருக்கு 7,700 தொகுப்பூதியம் கொடுத்தது. ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொல்லி எடுத்தாங்க. 2017-ல சென்னையில டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்குநரகம்) வளாகத்துல உக்காந்து போராடினாங்க. அப்புறம் 14,000, 18,000-ன்னு ஏறிச்சு. பத்மநாபபுரம் ஆஸ்பத்திரியில ஒரே வார்டுல ஒரே வேலை செய்யுற ரெண்டு சிஸ்டர்ல ஒருத்தருக்கு நிரந்தர அரசு ஊதிய ஸ்கேல், ஒருத்தருக்குத் தொகுப்பூதியம். இதைக் காட்டித்தான் தனியார் முதலாளி "அரசே அவ்வளவுதான் தருது"ங்கிறார்.

#12 சின்ன_ஆஸ்பத்திரி

அது எங்களுக்குச் சாக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசுக்கு மருந்தையும் மெஷினையும் மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கித் தருகிறது. எங்களுக்கு ஒவ்வொரு ஊசியும் சந்தை விலை. அதையும் சொல்லணும்.

கணக்குப்பிள்ளை, நைட்_டூட்டி இரண்டு பேரிடமும் ஒரு கேள்வி. 6-6-12 ஷிப்ட் ஓட்டுகிறோம், காலை 8-2, மதியம் 2-8, ராத்திரி 8-8. இதில் 48 மணி நேரம் எப்படி நிற்கும்?

#13 நைட்_டூட்டி

வாரத்துல நாலு பகல் ஷிப்ட், ரெண்டு நைட், ஒரு ஓய்வு. நாலாறு இருபத்திநாலு, ரெண்டு பன்னிரண்டு இருபத்திநாலு, 48. நைட் ரெண்டுக்கு மேல போனா ஓவர்டைம் எழுதணும். தொடர்ச்சியா ஆறு நைட் போட்டா 72 மணி நேரம், அதுல 24 மணி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். பல இடத்துல "நைட் ஆஃப்"னு ஒரு நாள் கொடுத்துட்டு அதை வார ஓய்வாவும் எழுதிடுவாங்க. காலையில எட்டு மணிக்கு இறங்கித் தூங்கி எழுந்த நாள் ஓய்வு நாள் ஆகாது. முழு 24 மணி நேரம் தனியா வேணும்.

அடுத்த ஷிப்ட்டுக்கு நோயாளிகளை ஒப்படைக்கிற ஹேண்டோவருக்கு இருபது நிமிஷம் ஆகும், அதை யாரும் எண்ண மாட்டாங்க. 8.20-க்குத்தான் இறங்க முடியும். அந்த நேரத்தையும் ரிஜிஸ்டர்ல எழுதுங்க.

#14 வேளிமலை

அடுத்த வாரம் குழு கூடுகிறது. நான் எடுத்துப் போவது: 10.4 லட்சம் சம்பள டெபாசிட். ஏப்ரல் முதல் உயர்வு, மூன்று படி, 18,500, 20,000, பிறகு எட்டு வருஷத்துக்கு மேல் 23,000. ராத்திரி வார்டுக்கு ஒரு இடம், அதாவது நாலு பேர் கூடுதல். சி.டி.யை ஒரு வருஷம் தள்ளி, அதுவரை வெளியே அனுப்பும் ஸ்கேன்களைத் தினவாரியாகக் குறிப்பது.

#15 பயோமெட்

அந்தக் குறிப்பில் மணியையும் எழுதுங்கள். ராத்திரி வரும் தலைக்காயமும் பக்கவாதமும்தான் பக்கத்தில் சி.டி. இருந்தால் உயிரைக் காப்பது. பகலில் வருவது ஆசாரிப்பள்ளம் போய் வரலாம். ஒரு வருஷத்தில் தினம் மூன்றுகூடத் தேறவில்லை என்றால் சொந்த மெஷின் வேண்டாம், பக்கத்து சென்டரோடு ராத்திரிக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள்.

#16 கணக்குப்பிள்ளை

18,500 முதல் படி புது ஆளுக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு மட்டும் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்று வருஷம் கழித்தும் எல்லாரும் முதல் படியில்தான் நிற்பார்கள். நாலு பேர் கூடுதல் என்றால் மாதம் 94,000 சேரும், 23,000 படிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதையும் எண்ணுங்கள். சர்வீஸ் பட்டியலைப் பெயர் இல்லாமல் இங்கே போட்டால் கூட்டித் தருகிறேன்.